மர்சலின் கலக்காத கிளாஸ்

அரசலாறு கடலில் சேரும் இடத்துக்குச் சற்று முன்னால், காரைக்காலில், வலந்தீன் பார் என்று ஒரு கடை இருந்தது. பெயர்தான் வலந்தீன், கடை அவர் பெண்டாட்டி மர்சலின். வலந்தீன் கல்லாவில் உட்கார்ந்திருப்பார். ஐஸ் உடைப்பது, எலுமிச்சை பிழிவது, கடலை வறுப்பது, கிளாஸ் கழுவுவது, வாந்தி எடுக்கிறவனின் தலையைப் பிடிப்பது, அவன் பெண்டாட்டிக்கு ஆள் அனுப்புவது, அவள் வந்து திட்டினால் அதை நின்று வாங்கிக்கொள்வது எல்லாம் மர்சலின். கல்யாணமாகி வந்த வாரம் கவுண்டருக்குப் பின்னால் போய் நின்றவள் அப்படியே நின்றுகொண்டிருந்தாள். நின்று நின்று அவள் கால் நரம்புகள் முழங்காலுக்குக் கீழே புடலங்கொடி மாதிரிச் சுருண்டு போயிருந்தன. களைப்பாக இருக்கிறது என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்ல நேரமில்லை, சொன்னாலும் காதில் வாங்க அந்தக் கடையில் நிதானத்தில் யாருமில்லை.

பாண்டிச்சேரியில் பழைய ஓட்டல் ஒன்றை மூடி, சாமான்களை ஏலம் விட்டபோது வலந்தீன் போய் நாற்காலிகள் எடுத்து வந்தார். அந்த நாற்காலிகளோடு ஒரு பீப்பாயும் வந்தது. யாரும் அதை ஏலம் கேட்கவில்லை. இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று வண்டியில் ஏற்றிவிட்டார்கள். வந்திறங்கிய அன்றே கடையில் இருந்தவர்கள் ஆளுக்கு ஒரு வாய் குடித்துப் பார்த்தார்கள். மீன்பிடிக்கிற கலியபெருமாள் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "என்னக்கா இது, ஊறுகா ஜாடிய கழுவி ஊத்துனாப்ல இருக்கு" என்றான். இனிப்பும் இல்லை, காரமும் இல்லை, போதையும் சட்டென்று ஏறவில்லை, உப்புக்காற்றும் பாதாம்பருப்பும் சேர்ந்த மாதிரி ஒரு ருசி. வலந்தீன் அதைக் கொல்லையில் தள்ளிவிடச் சொன்னார்.

மர்சலின் தள்ளவில்லை. அவளுக்கு அது என்னவென்று தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் பாண்டியில் ஒரு பிரெஞ்சுப் பள்ளித் தலைமையாசிரியை வீட்டில் வேலை செய்தபோது, விருந்தாளிகள் வருகிற நாளில் அந்த அம்மாள் இதைத்தான் எடுப்பாள். ஷெர்ரி. ஸ்பெயின் தேசத்துத் திராட்சை மது. பீப்பாய்க்குள் இருக்கும்போதே மேலே பாலாடை மாதிரி ஒரு வெள்ளை ஆடை படிந்து, அடியில் இருப்பதைக் காற்றுப் படாமல் காத்துக்கொண்டிருக்கும். அதைத் தனியாகவும் குடிப்பார்கள், ஆனால் அந்த அம்மாள் கலக்குவாள். பிராந்தியோடு சேர்த்தால் பிராந்தியின் முரட்டுத்தனம் அடங்கும். கமலா ஆரஞ்சும் சீனியும் நொறுக்கிய ஐஸும் சேர்த்தால் ஆரஞ்சு இன்னும் ஆரஞ்சாகும். எலுமிச்சையோடு சேர்ந்தால் எலுமிச்சை கொஞ்சம் மரியாதை கற்றுக்கொள்ளும். தான் இருப்பதை அது காட்டிக்கொள்ளவே செய்யாது, ஆனால் அதை விட்டுவிட்டுக் கலந்தால் அந்த கிளாஸ் தாய் இல்லாத வீடு மாதிரி ஆகிவிடும்.

மறுநாள் காலை கடலிலிருந்து வந்த கலியபெருமாளுக்கு அவள் ஷெர்ரியில் எலுமிச்சை பிழிந்து, இஞ்சியைத் தட்டிப் போட்டு, நன்னாரி சர்பத் ஒரு கரண்டி விட்டு, ஐஸ் போட்டுக் கலக்கிக் கொடுத்தாள். அவன் குடித்தான், எழுந்தான், தோளை ஒருமுறை குலுக்கிப் பார்த்தான், வெளியே போய்த் தன் வலையை மட்டுமல்லாமல் பக்கத்துப் படகுக்காரனின் வலையையும் சிக்கெடுத்துக் கொடுத்தான். மர்சலின் அவன் வைத்துவிட்டுப் போன கிளாஸை எடுக்கப் போனாள். அது வரவில்லை. கவுண்டரில் சர்பத் ஒட்டிக்கொண்டது போல என்று நினைத்து ஈரத்துணியால் சுற்றித் துடைத்துவிட்டு மறுபடி இழுத்தாள். ஒட்டவில்லை, கனத்தது. இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கி, குழந்தையைத் தூக்குகிற மாதிரி இடுப்பில் இடுக்கிக்கொண்டுதான் தொட்டிக்குக் கொண்டுபோக முடிந்தது. கடலில் அவன் பட்ட பாடு முழுக்க அந்தக் காலி கிளாஸுக்குள் கிடந்தது. அவள் அதற்காக ஆச்சரியப்படவில்லை, அடுத்தவன் காத்திருந்தான்.

அன்றிலிருந்து அப்படித்தான். குடித்தவனின் அசதி கிளாஸில் தங்கிவிடும், அவன் காற்றாடி மாதிரிப் போய்விடுவான். துறைமுகத்துச் சுமைதூக்கிகள் வந்தார்கள், உப்பளத்தில் கால் வெந்தவர்கள் வந்தார்கள், பரீட்சைத் தாள் திருத்தித் திருத்திக் கண் பூத்துப்போன வாத்தியார்கள் வந்தார்கள். பொம்பளைகள் முன்வாசலில் வரமாட்டார்கள், கொல்லைப்புறமாக அடுப்படிக்கு வந்து எவர்சில்வர் டம்ளரில் வாங்கி நின்றபடியே குடித்துவிட்டு, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு போவார்கள். ஆஸ்பத்திரி நர்ஸ் ஞானசௌந்தரி வைத்துவிட்டுப் போன டம்ளரை மூன்று பேர் சேர்ந்து நகர்த்தினார்கள். மர்சலினுக்கு ஒவ்வொருவரின் கலவையும் மனப்பாடம். வாத்தியாருக்குப் பிராந்தி ஒரு விரல், ஷெர்ரி இரண்டு விரல், நீளக் கரண்டியால் மெதுவாகச் சுற்றிக் கலக்க வேண்டும், குலுக்கக் கூடாது, குலுக்கினால் கலங்கிவிடும். ஞானசௌந்தரிக்கு ஆரஞ்சுச் சுளை, சீனி, ஐஸ், இதைக் குலுக்கத்தான் வேண்டும், கை கடுக்கிற வரைக்கும்.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், ரேஷனில் பாமாயில் போட ஆரம்பித்ததை எப்படி எடுத்துக்கொண்டதோ அப்படி. சுமைதூக்கிகள் சங்கம் கூட்டம் போட்டு, ஒரு ஆள் தூக்க முடியாத கிளாஸைத் தூக்குவது சங்கத்து வேலை, வெளியாள் தொடக் கூடாது என்று தீர்மானம் போட்டது. அதன்படி மேஸ்திரி வைரக்கண்ணு இரண்டு ஆட்களைக் கடையிலேயே நிறுத்தினான். கவுண்டரிலிருந்து தொட்டி வரை அவர்கள் தூக்குவார்கள். கழுவுவது சங்கத்தில் இல்லை. கழுவக் கழுவக் கனம் தண்ணீரில் கரைந்து போகும், அந்தத் தண்ணீர் ஓடி விழுந்த இடத்தில் நின்ற தென்னை ஒருநாள் மெதுவாகத் தரையில் படுத்துக்கொண்டு, படுத்த மேனிக்கே காய்த்தது. ஏறாமல் காய் பறிக்கலாம் என்று வலந்தீனுக்கு சந்தோஷம். அந்தப் பக்கம் புல் மேய்ந்த ஆடுகள் அவிழ்த்துவிட்டாலும் எழுந்திருக்கவில்லை. பங்குச் சாமியார் வந்து பார்த்தார். "வேதத்துல கல்யாண வீட்ல தண்ணியே திராட்சை ரசமாச்சு, பார்ல கிளாஸ் கனக்குறதுல என்ன இருக்கு" என்று சொல்லிவிட்டு, தவக்காலத்தில் மட்டும் கடையை ஆறு மணிக்கு மூடச் சொன்னார்.

கிளாஸின் கனத்தை வைத்து மனிதர்களை எடை போடுகிற பழக்கமும் வந்தது. பெண் பார்க்கப் போகிற இடத்தில், "மாப்பிள்ளை நல்ல உழைப்பாளி" என்று தரகன் சொன்னால், "வலந்தீன் பார்ல அவர் கிளாஸ எத்தனை பேர் தூக்குனாங்க?" என்று கேட்டார்கள். எப்போது பார்த்தாலும் 'செத்துப் பிழைக்கிறேன்' என்று பாட்டுப் பாடுகிற மிராசுதார் ஒருவரின் கிளாஸ் மின்விசிறிக் காற்றில் உருண்டு போனதை ஊரே பார்த்தது. அதற்கப்புறம் அவர் இந்தத் தெருப் பக்கம் வரவில்லை. வலந்தீனும் காலையில் முதல் கிளாஸ் தனக்கு வாங்கிக் குடித்துவிட்டு, ஆற்றங்கரை மணலில் இரும்புக் குண்டு எறிகிற ஆட்டத்துக்குப் போய்விடுவார். அவர் கிளாஸை மர்சலின் ஒரே விரலால் தூக்குவாள். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. கல்யாணம் என்றால் இப்படிச் சில விஷயங்களைச் சத்தமில்லாமல் கழுவி வைப்பதுதான்.

இத்தனை பேருக்கும் கலந்த மர்சலின் தனக்கு ஒன்று கலந்து குடிக்காமலா இருப்பாள்? குடித்தாள். கடை ஓய்ந்த ஒரு மத்தியானம் தனக்கென்று கலந்து, கல்லா நாற்காலியில் உட்கார்ந்து குடித்தாள். ருசியாக இருந்தது. கிளாஸை வைத்தாள், கிளாஸ் கிளாஸாகவே இருந்தது, முழங்கால் முழங்காலாகவே இருந்தது. மறுநாளும் பார்த்தாள், அதே கதை. அப்புறம் அவளுக்குப் புரிந்தது. தலையில் பெரிய சுமை இருக்கிறவள் அதைத் தானே இறக்கிக்கொள்ள முடியாது, எதிரில் ஒரு ஆள் நின்று ஒரு கை பிடிக்க வேண்டும். ஆள் இல்லாத ரோட்டில் சுமைதாங்கிக் கல்லாவது வேண்டும். இந்தக் கலவையும் அப்படித்தான், இன்னொரு கை கலந்து கொடுக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் அவள் ஆற்றங்கரைக்குப் போய், ஆடிக்கொண்டிருந்த புருஷனிடம் கேட்டாள். "என்னங்க, எனக்கு ஒரு கிளாஸ் கலந்து குடுக்குறீங்களா?"

"அதுக்கென்ன, தாராளமா. இந்த ஆட்டம் முடியட்டும்" என்றார் வலந்தீன்.

ஆட்டம் முடிந்தது, அடுத்த ஆட்டம் ஆரம்பித்தது. மறுநாள் கேட்டாள், திருவிழாவுக்குப் பந்தல் போடுகிறவன் வந்திருந்தான். அதற்கு மறுநாள் மாதா கோயில் திருவிழா. வலந்தீன் கெட்டவரில்லை, மறுத்து ஒரு வார்த்தை அவர் சொன்னதே கிடையாது, நாளைக்கு என்பதை அவ்வளவு பிரியமாகச் சொல்லுவார். வைரக்கண்ணுவிடம் சொன்னாள். "என்னக்கா இப்படிக் கேட்டுட்ட, நாளைக்கு நானே கலந்து தரேன்" என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னான். மறுநாள் வந்தான், தன் கிளாஸை வாங்கிக் குடித்தான், குடித்ததும் அசதி போயிற்று, அசதி போனதும் அசதி என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அவனுக்கு மறந்து போயிற்று. எல்லோருக்கும் அப்படித்தான். அசதியை இறக்கி வைத்தவனுக்கு அடுத்தவன் அசதி கண்ணில் படுவதில்லை. படாமல் போவதுதான் அந்த மருந்தின் குணமே.

பீப்பாய் இறங்கிக்கொண்டிருந்தது. மர்சலின் தினமும் கடை திறக்கும்போது விரல் முட்டியால் பீப்பாயைத் தட்டிப் பார்ப்பாள். மேலே வெற்றுச் சத்தம் கேட்கும், திரவம் இருக்கிற இடத்தில் சத்தம் அடைக்கும். அடைக்கிற இடம் அவள் தோளுக்கு நேராக இருந்தது, அப்புறம் இடுப்புக்கு வந்தது, அப்புறம் குனிந்து தட்ட வேண்டியிருந்தது. அவள் வெளியே ஒன்றும் சொல்லவில்லை. இது தீர்வதற்குள் யாராவது ஒருத்தர் எனக்கு ஒரு கிளாஸ் கலந்து கொடுத்துவிட வேண்டும், மாதாவே, வேறொன்றும் கேட்கவில்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் கலந்து கொடுத்தாள். குறைத்துக் கொடுக்க அவளுக்குக் கை வரவில்லை.

ஒருநாள் காலையில் தரையில் உட்கார்ந்து தட்டினாள். அடி வரைக்கும் வெற்றுச் சத்தம்தான். சாய்த்துப் பார்த்ததில் ஒரே ஒரு கிளாஸுக்கு இருந்தது. அதைப் பீங்கான் ஜாடியில் வடித்துக் கவுண்டர் மேல் வைத்து, "இதோட தீந்துச்சு" என்றாள்.

மத்தியானத்துக்குள் பங்குச் சாமியார் உட்பட ஊர் திரண்டுவிட்டது. முன்வாசலில் ஆம்பிளைகள், அடுப்படியில் பொம்பளைகள், நடுவில் அந்த ஜாடி. யாருக்கு அந்தக் கடைசி கிளாஸ் என்று பேச்சு ஆரம்பித்தது.

"இன்னிக்கு கப்பல்லேர்ந்து சிமெண்டு இறக்கியிருக்கோம், எங்க ஆளுங்களப் பாருங்க" என்றான் வைரக்கண்ணு.

"ரெண்டு நாளா நான் வீட்டுக்கே போகலை. வார்டுல நிக்கிற ஒரே நர்ஸ் நான்" என்று அடுப்படியிலிருந்து ஞானசௌந்தரி குரல் கொடுத்தாள்.

"கிளாஸ் கனத்த வச்சுப் பாத்தா சிஸ்டருக்குத்தான் வரும்" என்றான் கலியபெருமாள். "ஆனா நாளைக்கு விடியக்காலம் கடலுக்குப் போறவன் நான்."

வாத்தியார் சீட்டுக் குலுக்கலாம் என்றார். சீட்டு என்றால் சங்கத்து ஆட்களுக்கு ஆளுக்கொரு சீட்டா, மொத்தமாக ஒரு சீட்டா என்று அதில் ஒரு வழக்கு. வலந்தீன் எல்லோரையும் கையமர்த்தி, "எதுக்குச் சண்டை? நீங்க யாருன்னு முடிவு பண்ணுங்க, மர்சலின் கலந்து குடுப்பா" என்றார்.

மர்சலின் எலுமிச்சை அறுத்துக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்தாள். கையைக் கழுவினாள். இடுப்பில் செருகியிருந்த துணியை உருவிக் கவுண்டர் மேல் மடித்து வைத்தாள். கவுண்டரின் மடக்குப் பலகையைத் தூக்கி வழிவிட்டு வெளியே வந்து, வாடிக்கையாளர் பக்கம் போட்டிருந்த ஏலத்து நாற்காலி ஒன்றை இழுத்து, ஜாடிக்கு நேர் எதிரில் உட்கார்ந்தாள். அந்தப் பக்கத்திலிருந்து அவள் தன் கடையைப் பார்த்ததே இல்லை. அலமாரி கொஞ்சம் கோணலாக இருப்பது இப்போதுதான் தெரிந்தது.

"எனக்கு ஒண்ணு" என்றாள்.

யாரும் இன்னும் குடித்திருக்கவில்லை, எல்லோருடைய அசதியும் அவரவர் உடம்பிலேயே இருந்தது, அதனால்தானோ என்னவோ அன்றைக்கு அவர்களுக்கு அவள் கண்ணில் பட்டாள். கால்கள் பட்டன. நாளைக்கு என்று தான் சொன்னது வைரக்கண்ணுவுக்கு ஞாபகம் வந்து அவன் தலையைக் குனிந்துகொண்டான். அடுப்படி வாசலில் ஞானசௌந்தரி கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

"யார் கலக்குறது?" என்று வலந்தீன் கேட்டார். அவர் பார்த்த பக்கமெல்லாம் எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

"நீங்கதான்" என்றாள் மர்சலின்.

வலந்தீன் கல்லாவை விட்டு எழுந்து கவுண்டருக்குப் பின்னால் போனார். கரண்டி எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு கிளாஸை எடுத்தார், அதில் தண்ணீர்த் திட்டு இருந்தது, வேட்டியால் துடைத்தார். ஜாடியைக் கையில் எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஊரில் யாருக்கு என்ன கலக்க வேண்டும் என்று அவள் சொல்லி அவர் காதில் விழுந்துகொண்டே இருந்திருக்கிறது, அதனால் வாத்தியாருக்கு என்ன, நர்ஸுக்கு என்ன என்று அவருக்கே தெரியும்.

"உனக்கு என்ன போடணும்?" என்று கேட்டார்.

மர்சலின் வாயைத் திறந்தாள். யோசித்தாள். ஆரஞ்சு என்று சொல்ல வந்தாள், அது ஞானசௌந்தரியுடையது. இஞ்சி கலியபெருமாளுடையது. தனக்கென்று கலந்துகொண்ட அந்த இரண்டு நாளும் என்ன போட்டாள் என்று நினைத்துப் பார்த்தாள். வெட்டி மிச்சம் இருந்ததைப் போட்டிருக்கிறாள். அவள் கண் கலங்கிவிட்டது. "தெரியலையேங்க. இதுவரைக்கும் யாரும் கேக்கலையே" என்றாள்.

வலந்தீனுக்கு அழுகை வந்தது, வந்ததை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஜாடியைக் கிளாஸில் கவிழ்த்துவிட்டு எலுமிச்சையை எடுத்துப் பிழிந்தார். விதையெல்லாம் கிளாஸில் விழுந்தது. "கரண்டியால எடுங்க வலந்தீன்" என்று யாரோ சொன்னார்கள். "நன்னாரி ரெண்டு சொட்டு விடுங்க" என்றான் கலியபெருமாள். "ஒரு சுளை ஆரஞ்சு, என் பங்குல" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. பிராந்தி ஒரு துளி என்றார் வாத்தியார். வலந்தீன் எல்லோரும் சொன்னதைப் போட்டார், சீனி என்று நினைத்து ஒரு கரண்டி உப்பும் போட்டார், கலக்க வேண்டியதைக் குலுக்கினார், குலுக்கிய வேகத்தில் பாதி ஐஸ் தரையில் ஓடியது. மர்சலின் எழுந்து போய்ச் சரிசெய்யாமல் இருக்கத் தன் வலது கையை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவள் வாழ்க்கையில் செய்த வேலைகளிலேயே கஷ்டமானது அதுதான்.

கலங்கிய கிளாஸ் அவள் முன்னால் வந்தது. வலந்தீன் அதை இரண்டு கையாலும் வைத்தார். அவள் குடித்தாள். கரித்தது, கசந்தது, விதை பல்லில் கடிபட்டது. நிறுத்தாமல், அவசரப்படாமல், அடி வரைக்கும் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு கிளாஸைக் கவுண்டர் மேல் வைத்தாள்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தேக்குப் பலகை முனகியது. கிளாஸ் பலகைக்குள் அமிழ்ந்தது, பலகை இரண்டாகப் பிளந்தது, கிளாஸ் தரையில் விழுந்து உடையாமல் சிமெண்டுக்குள் இறங்கியது. வைரக்கண்ணுவும் அவன் ஆட்களும் பாய்ந்து பிடிக்கப் போனார்கள், கயிறு போட்டார்கள், கயிறு கை எரிய ஓடி அறுந்தது. அது சிமெண்டைத் தாண்டி, செங்கல்லைத் தாண்டி, மணலைத் தாண்டிப் போய்க்கொண்டேயிருந்தது. கிளாஸ் அகலத்துக்கு ஒரு குழி, உள்ளே இருட்டு. யாரோ தொப்பியைக் கழற்றினார்கள், சாமியார் சிலுவை போட்டுக்கொண்டார்.

மர்சலின் எழுந்து நின்றாள். எழுந்ததே தெரியவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, "கொஞ்சம் கடல் வரைக்கும் போய்ட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு முன்வாசல் வழியாகப் போனாள். அரசலாற்றங்கரையோடு அவள் நடந்து போவதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், மணலில் அவள் கால் தடம் பதிகிறதா என்று கூடச் சந்தேகமாக இருந்தது. அவரவர் அசதி அவரவரிடமே இருந்தது. யாரும் ஜாடியைப் பற்றிப் பேசவில்லை. ஞானசௌந்தரி உள்ளே வந்து தரையில் கிடந்த ஐஸை அள்ளினாள், வாத்தியார் தொட்டியில் கிடந்த கிளாஸ்களைக் கழுவ ஆரம்பித்தார், அவருக்குக் கழுவத் தெரியவில்லை.

வெயில் சாய்ந்து அவள் சேலை ஓரம் நனைந்து திரும்பி வந்தபோது கடையில் வலந்தீன் மட்டும் இருந்தார். குழிக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்து, காதைத் தரையோடு வைத்திருந்தார்.

"என்னங்க, அடியில விழுந்த சத்தம் கேட்டுச்சா?" என்று கேட்டாள்.

"இன்னும் இல்ல" என்றார் வலந்தீன், தலையைத் தூக்காமல். "இன்னும் போய்க்கிட்டே இருக்கு மர்சலின்."

"சரி, கேட்டா எழுப்புங்க" என்று சொல்லி ஏலத்து நாற்காலி இரண்டைச் சேர்த்துப் போட்டு, அதில் காலை நீட்டிச் சாய்ந்தவள், சாய்ந்ததும் தூங்கிப்போனாள். வலந்தீன் அவளை எழுப்பவேயில்லை.